பதினைந்தடி தள்ளி இருந்த லூர்துவுக்கு

என்னோடு நாற்பத்தொரு வருஷம் மல்லுக்கட்டியும் ஒரு நாள்கூட அடுத்தவர் முன்னால் என்னை விட்டுக்கொடுக்காத என் லூர்துவுக்கு,

நாலு வருஷமாக நான் உனக்கு மெழுகுவத்தி ஏற்றவில்லை. ஏற்றினேன், ஆனால் அது உனக்குப் போகவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கல்லறைத் திருநாளுக்கு நம் பங்குக் கோயிலில் இந்த வருஷம் ஒரு சிறப்பு மலர் அச்சடிக்கிறார்கள். "போய்ச் சேர்ந்தவங்களுக்கு நீங்க சொல்ல நெனைக்கிறத ஒரு கடுதாசியா எழுதிக் கொடுங்க" என்று சாமியார் பூசை முடிவில் அறிவித்தார். நான் எழுதிக் கொடுப்பேன் என்று ஊரில் ஒருத்தரும் நினைத்திருக்கமாட்டார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மிச்சத்தைச் செபப் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்துக் கற்றுக்கொண்டேன். மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவதையும் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. எரிந்த மோட்டார்களைப் பிரித்துப் பார்த்துப் பார்த்துத்தான் கற்றேன். அந்தத் திமிர் எனக்கு உண்டு. தப்புச் செய்தாலும் அதை நானேதான் கண்டுபிடிக்க வேண்டும் என்கிற திமிர். இந்தத் தடவை கண்டுபிடித்தது நானில்லை. அதனால் ஊரே படிக்கட்டும்.

உனக்குத் தெரியாத கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். கொரோனா ரெண்டாவது தடவை வந்தபோது என்னை அரியலூர் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனார்களே, வாசலில் நின்று கை அசைத்தாயே, அதுதான் நான் உன்னைக் கடைசியாகப் பார்த்தது. ரெண்டு நாள் கழித்து உனக்கும் மூச்சு முட்டியிருக்கிறது. இங்கே இடமில்லை என்று பெரம்பலூருக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். நாலாவது நாள் நீ போய்விட்டாய். என் தம்பி இருதயம்தான் கையெழுத்துப் போட்டு உன்னை வாங்கி, பிளாஸ்டிக் உடுப்புப் போட்ட ரெண்டு பேரோடு நம் கல்லறைக்குக் கொண்டு வந்து அரை மணி நேரத்தில் அடக்கம் செய்துவிட்டான். இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது எட்டு நாள் கழித்து.

அந்த எட்டு நாளும் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? பக்கத்துப் படுக்கையில் லப்பைக்குடிக்காட்டுப் பாய் ஒருத்தர் கிடந்தார். ஒரு நாள் காலைக் கஞ்சியைக் கரண்டியால் தூக்கிப் பிடித்து, "அண்ணே, இது கஞ்சி இல்ல, பசை. எலெக்‌ஷன் வந்தா போஸ்டர் ஒட்டலாம்" என்றார். நான் இருமிக்கொண்டே சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்தேன். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தால், உன்னை மண்ணுக்குள் வைத்ததற்கு மறுநாள் அது.

டிஸ்சார்ஜ் ஆன அன்று ஆஸ்பத்திரி வாசலில் இருதயம் நின்றுகொண்டிருந்தான். முகக்கவசத்துக்கு மேலே கண் ரெண்டும் சிவந்திருந்தன. "அண்ணே, அண்ணி..." என்றான். அதற்கு மேல் அவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"எப்படா?"

"எட்டு நாளாச்சு. ஒங்கிட்ட இப்ப சொல்லாதீங்க, ஒடம்பு தாங்காதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு."

"அவ எனக்குப் பொண்டாட்டியா, டாக்டருக்கா?"

அவன் இன்னும் ஏதோ சொல்ல வந்தான். கல்லறை என்றான், மேற்குப் பக்கம் என்றான். "இனிமே என் மூஞ்சில முழிக்காத" என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்துத் தனியாக வந்துவிட்டேன். வீட்டில் நீ கொடியில் காயப்போட்ட என் வேட்டி அப்படியே கிடந்தது.

மறுநாள் கல்லறைக்குப் போனேன். மேற்குச் சுவரோரம் மட்டும் தேடினேன். அங்கே ஒரே ஒரு புது மேடு. பெயர் இல்லை, குருசு இல்லை. இதுதான் என்று முடிவு செய்தேன். யாரையும் கேட்கவில்லை. கேட்டால் அவனைத்தானே கேட்க வேண்டும்.

அன்றிலிருந்து வருஷா வருஷம் அந்த மேட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தேன். சாமந்திப் பூ வாங்கிப் போய் உதிர்த்துப் போட்டேன். புல் செதுக்கினேன். மெழுகுவத்தி ஏற்றி, அணைந்தால் மறுபடி ஏற்றி, சாமியார் மந்திரித்துத் தண்ணீர் தெளிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். கொஞ்சம் தள்ளி இருதயம் எங்கள் அப்பா கல்லறையில் நின்றுகொண்டிருப்பான். அவன் நிற்கிற பக்கம் நான் போவதில்லை. அப்பா கல்லறைக்கே போவதில்லை. பூசையில் ஒருத்தருக்கொருத்தர் சமாதானம் சொல்லச் சொல்கிற நேரத்தில் அவன் எனக்கு ரெண்டு வரிசை முன்னாலிருந்து திரும்புவான். நான் தலையைத் தூக்கி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நாலு வருஷம் அந்த மின்விசிறியைப் பார்த்திருக்கிறேன். அதன் ஒரு இறக்கை வளைந்திருக்கிறது.

வீட்டைப் பற்றிக் கேட்பாய். சர்க்கரை கூடியிருக்கிறது. இடது கண்ணில் ஆபரேஷன் ஆனது. ஸ்டெல்லா குவைத்திலிருந்து வாரம் ரெண்டு தடவை வீடியோவில் வருகிறாள். "இங்க வந்துடுங்கப்பா" என்கிறாள். வந்து என்ன செய்ய? அங்கேயும் நாலு சுவர்தான். சமையல் எனக்கு வரவில்லை. ரசம் வைத்தால் புளித்தண்ணீராகிறது. ஆனால் அதெல்லாம் பெரிதில்லை லூர்து. பேச ஆள் இல்லை. சண்டை போட ஆள் இல்லை. ஒரு நாள் குழம்பில் உப்பு கூடிவிட்டதென்று என்னை நானே திட்டினேன். பதில் வரவில்லை. அப்போதுதான் பயந்தேன்.

ஆண்டவரிடமும் சண்டைதான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போனேன், செபமாலை சொன்னேன், மனசுக்குச் சமாதானம் தாரும் என்று கேட்டேன். அவர் தரவில்லை. இப்படியும் ஒரு தகப்பன் உண்டா என்று கேட்டேன்.

இந்த வருஷம் உனக்கு ஒரு சிமெண்டுக் குருசு செய்தேன். பலகை அடித்து அச்சுக் கட்டி, கம்பி வைத்து வார்த்து, ஈரமாய் இருக்கும்போதே ஆணியால் உன் பெயரை எழுதினேன். ஒரு வாரம் தண்ணீர் ஊற்றினேன். நன்றாக வந்திருந்தது. நீ பார்த்திருந்தால், "உங்க தலையில மூளைக்குப் பதிலா இதான் இருக்கு, காஞ்சா அவ்ளோதான், உள்ள ஒண்ணும் எறங்காது" என்று சொல்லியிருப்பாய். அதை டிவிஎஸ் வண்டியில் முன்னால் வைத்துக் கட்டிக் கொண்டு போய், காலை பத்து மணிக்குக் குழி பறித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பெண் வந்து நின்றாள். நாற்பது வயது இருக்கும். கையில் பூப்பொட்டலம்.

"ஐயா, என்ன செய்றீங்க?"

"பாத்தா தெரியல? குருசு நடுறேன்."

"யாருக்குங்க?"

"என் வீட்டுக்காரிக்கு."

அவள் குருசில் இருந்த பெயரைப் படித்தாள். பிறகு மெதுவாக, "இதுல இருக்கிறது எங்கம்மாங்க" என்றாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. "நாலு வருஷமா நான் சுண்ணாம்பு அடிக்கிறேன்மா. எடம் மாறி வந்துட்ட, போய்ப் பாரு."

"பெத்தவள வச்ச எடம் எனக்கு மாறுமாய்யா?"

அவள் அதற்கு மேல் வாதாடவில்லை. மண்டியிட்டுத் தலைமாட்டில் கையாலேயே மண்ணைக் கிளறினாள். ஒரு சாண் ஆழத்திலிருந்து உடைந்த வெள்ளை டைல்ஸ் துண்டு ஒன்றை எடுத்து, முந்தானையால் துடைத்து என்னிடம் நீட்டினாள். அதில் ஆணியால் கீறிய ஒரு சிலுவை. கீழே அன்னம்மாள் என்று கோணல் எழுத்து.

"அன்னிக்குக் கடையெல்லாம் பூட்டிக் கெடந்துச்சுங்க. குருசு கெடைக்கல. பாத்ரூமுக்கு வாங்கி வச்ச டைல்ஸ ஒடச்சுக் கீறி வச்சேன். யாரும் எடுத்துடக் கூடாதுன்னு பொதச்சும் வச்சேன்."

அவள் வாழ்க்கைப்பட்டது செந்துறை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்து இப்போதுதான் திரும்பி வந்திருக்கிறாள். "அம்மா கல்லறைய யாரோ சுத்தம் பண்ணி விளக்கேத்துறாங்கன்னு இங்கத்த சொந்தக்காரங்க சொன்னாங்க. கோயில்லேந்து செய்றாங்க போலன்னு இருந்துட்டேன். நீங்களாய்யா?" என்று என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

நான் கையைப் பிடுங்கிக்கொண்டேன். பறித்த குழியை மூடினேன். உன் பெயர் எழுதின குருசை மறுபடி வண்டியில் கட்டினேன். ஊருக்குள் வரும் வழியில் டீக்கடையில் ஒருத்தன், "என்ன பெரியவரே, குருசு ஊர்வலமா?" என்று கேட்டான். அவனுக்குத் தெரியாது. எனக்கு அவன் மேல் கோபமில்லை.

பதினோரு நாள் அந்தக் குருசு என் கட்டிலுக்கு எதிரே சுவரில் சாய்ந்திருந்தது. அதில் உன் பெயர். அதை நடுவதற்கு எனக்கு மண் தெரியாது.

உபதேசியாரிடம் போய்க் கேட்டேன். கோயில் பதிவேட்டைப் புரட்டினார். பெயர், வயது, தேதி இருக்கிறது, இடம் இல்லை.

"அடக்கம் பண்ணுனவங்களத்தாண்ணே கேக்கணும்."

"யாரு பண்ணுனா?"

"தெரியாத மாதிரி கேக்குறீங்க. கூட வந்த ரெண்டு பேரும் சுகாதாரத்துக்காரங்க, இப்ப எந்த ஊர்ல இருக்காங்களோ. மிச்சம் ஒங்க தம்பி."

"வேற வழி?"

"தம்பி வூடு ரெண்டு தெரு தள்ளித்தாண்ணே இருக்கு. அத வுட சுலபமான வழி எனக்குத் தெரியல."

ஸ்டெல்லாவும் அதையேதான் சொன்னாள். கேட்கமாட்டேன் என்றேன். "அப்ப அம்மா எங்க இருக்காங்கன்னு தெரியாமலே இருந்துடுவீங்களா? நான் லீவுக்கு வந்தா எந்த மண்ணுல பூவு வைக்கிறதுப்பா?" என்று கேட்டுவிட்டு அழுதாள். போனை வைத்துவிட்டேன். அவள் கேட்டதில் என்ன தப்பு? அவனிடம் போய் நிற்பதைவிடச் செத்துப் போகலாம் என்றிருந்தது. செத்தால் என்னை உனக்குப் பக்கத்தில் வைக்கக்கூட இடம் அவனுக்குத்தான் தெரியும்.

ஒரு புதன்கிழமை பஸ் ஏறி ஏலாக்குறிச்சிக்குப் போனேன். அடைக்கல மாதாவிடம் அழுது கேட்கலாம் என்றுதான் போனேன். அழுகை வரவில்லை. செபமும் வரவில்லை. என் நியாயம்தான் வரிசை வரிசையாய் வந்தது. என்னிடம் கேட்காமல் அடக்கம் செய்தான். எட்டு நாள் மறைத்தான். எல்லாம் உண்மைதான் தாயே, நீங்களே சொல்லுங்கள் என்று உட்கார்ந்திருந்தேன்.

பூசை நடந்தது. கூட்டம் குறைவு. சமாதானம் சொல்லுகிற நேரம் வந்ததும் பழக்கத்தில் தலையைத் தூக்கினேன். அங்கே மின்விசிறி என் தலைக்கு நேரே இல்லை. பக்கத்தில் இருந்த அம்மா ஒருத்தர், முன்பின் பார்த்ததில்லை, காலில் யானைக்கால் வீக்கம், என் பக்கம் திரும்பிக் கைகூப்பி, "சமாதானம் அய்யா" என்றார். நானும் கைகூப்பி, "சமாதானம்" என்றேன்.

அவ்வளவுதான் நடந்தது லூர்து. ஒளி வரவில்லை, குரல் கேட்கவில்லை. ஆனால் அந்தச் சொல் என் வாயிலிருந்து வெளியே வந்து நாலு வருஷமாகிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாராவாரம் அதைக் கேட்டு மன்றாடினேன். வாராவாரம் அது ரெண்டு வரிசைக்கு முன்னாலிருந்து என் பக்கம் திரும்பியது. நான் மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண்டவர் வேறு எந்த வழியாக எனக்குக் கொடுத்திருப்பார்? நற்கருணை வாங்கப் போக எழவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அந்த அம்மா தன் தண்ணீர்ப் பாட்டிலை என்னிடம் கொடுத்துவிட்டுத் தன் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்த பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக இருதயம் வீட்டுக்குப் போனேன். உட்கார்ந்து யோசித்தால் போகமாட்டேன் என்று தெரியும். அவன் வாசலில் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கயிற்றை விட்டுவிட்டான். ஆடு தழையோடு கிளம்பிவிட்டது.

"அவள எங்கடா வச்ச?" என்றேன். நாலு வருஷம் கழித்துத் தம்பியிடம் பேசிய முதல் பேச்சு அது.

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு நடந்தான். நான் பின்னால் போனேன். கல்லறைக்குள் போய், எங்கள் அப்பா கல்லறைக்குப் பக்கத்தில் நின்றான். அங்கே சுண்ணாம்பு அடித்த மேடு ஒன்று இருந்தது. போன வருஷத்து மெழுகு உருகி அதில் காய்ந்திருந்தது.

"அப்பாவுக்குப் பக்கத்துல ஒரு எடம் இருந்துச்சு அண்ணே. அண்ணிய வேற எங்க வைப்பேன்?"

நான் நாலு வருஷம் நின்ற இடத்திலிருந்து பதினைந்தடி இருக்கும். அப்பா பக்கத்தில் வைத்திருப்பான் என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. மனசு கொஞ்சம் நல்லதாக நினைத்திருந்தால் கேட்காமலே கண்டுபிடித்திருப்பேன். அவன் மேல் அவ்வளவு கெட்ட எண்ணம் எனக்கு. எங்கோ ஒரு ஓரத்தில் தள்ளியிருப்பான் என்றுதான் நினைத்தேன். அதனால் ஓரத்திலேயே தேடினேன்.

வெட்கத்தில் எனக்குக் கோபம் வந்தது. "நான் அங்க நிக்கிறதப் பாத்துக்கிட்டுத்தானடா இருந்த? சொன்னா என்ன?"

"ரெண்டு தடவ வந்தேன். மொதத் தடவ வூட்டுக்கு வந்தேன், கதவச் சாத்துன. ரெண்டாந் தடவ இங்கயே கிட்ட வந்தேன், சுண்ணாம்பு வாளியத் தூக்குன. மேல ஊத்திடுவன்னு ஓடிட்டேன்."

"ஊத்தியிருப்பேன்."

"தெரியும். அதான் ஓடுனேன்." மேட்டில் காய்ந்த மெழுகை நகத்தால் சுரண்டிக்கொண்டே, "நீ அங்க ஏத்துன, நான் இங்க ஏத்துனேன். அண்ணிய நான் இருட்டுல வுடல அண்ணே" என்றான்.

மறுநாள் காலையில் குருசை எடுத்துப் போனோம். குழி பறிக்கும் முன்னால், தலைமாடு எந்தப் பக்கம் என்று அதையும் அவனிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. காட்டினான். அவன் ஜல்லி போட்டான், நான் மட்டம் பார்த்தேன். கலவையில் தண்ணீர் அதிகம் என்று நான் சொன்னேன், இல்லை என்று அவன் சொன்னான். நட்டு முடித்ததும் அவன் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, இறந்தவர்களுக்கான இளைப்பாற்றிச் செபத்தின் முன்பாதியைச் சொல்லி நிறுத்தினான். உனக்குத் தெரியும், பின்பாதியைக் கூட நிற்கிறவர் சொல்ல வேண்டும். அங்கே கூட நின்றவன் நான் ஒருத்தன்தான். யாராவது ஆரம்பித்த செபத்தை அந்தரத்தில் விட எனக்குத் தைரியம் இல்லை. சொன்னேன். மூன்று தடவை அவன் சொன்னான், மூன்று தடவை நான் பதில் சொன்னேன்.

சமாதானம் கிடைத்தால் மனசு இறகு போல ஆகும் என்று பிரசங்கத்தில் சொல்கிறார்கள். எனக்கு அப்படி ஆகவில்லை. வீடு காலியாகத்தான் இருக்கிறது. ரசம் புளிக்கத்தான் செய்கிறது. எட்டு நாள் மறைத்ததற்காக நான் இன்னும் அவனை மன்னித்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். சொன்னால் பொய். இதை ஆண்டவரிடமும் சொல்லிவிட்டேன். அவர் அவசரப்படுத்தவில்லை. ஆனால் ஓடாத மோட்டாரைப் பிரித்து, எந்தச் சுற்றில் எரிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கும்போது ஒரு நிதானம் வரும். இன்னும் சரி செய்யவில்லை. ஆனால் இடம் தெரிந்துவிட்டது. அந்த நிதானம் இப்போது இருக்கிறது. போன வாரம் முழுக்க நன்றாகத் தூங்கினேன்.

அன்னம்மாளுக்கு அவள் மகள் இருக்கிறாள். அவள் மறுபடி திருப்பூர் போய்விட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பழகிய கல்லறை, சட்டென்று விட மனசில்லை.

குருசு நட்டுவிட்டுக் கைகழுவும்போது இருதயம் ஒன்று சொன்னான். "பெரம்பலூர்ல அந்த நாலு நாளும் கண்ணாடிக் கதவுக்கு வெளியில நான்தான் நின்னேன். அண்ணி கைய ஆட்டிப் பேசுனாங்க. என்ன பேசுனாங்கன்னு நீ கேக்கவே இல்லையே அண்ணே." நாலு நாள். நான் பார்க்காத உன்னுடைய நாலு நாள், என் தம்பியிடம் இருக்கிறது. கேட்க ஆள் வராமல் அவனும் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறான். "இப்ப சொல்லாத" என்றேன். நின்றுகொண்டு கேட்கிற விஷயமில்லை அது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவன் வீட்டுக்குச் சாப்பிடப் போகிறேன். முதல் நாளிலிருந்து சொல்லச் சொல்வேன். நீ என்ன கேட்டாய், என்ன சாப்பிட்டாய், என்னைத் திட்டினாயா, எந்தச் சேலை கட்டியிருந்தாய், எல்லாம். அவன் அழுதால் அழட்டும். என் மேல் அவனுக்கு இருக்கும் கோபத்தையும் நடுவில் சொன்னால் சொல்லட்டும். அவன் முடிக்கும்வரை நான் வாயைத் திறக்கமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. என்னை உனக்குத் தெரியும், இதைவிடப் பெரிய வாக்கு என்னிடம் இல்லை.

உன் வீட்டுக்காரன்,
இருதயத்தின் அண்ணன்,
சவரிமுத்து